ஏப்ரல், மே மாதத்தில் பனிச்சறுக்கு: பனி நிச்சயம் கிடைக்கும் இடத்தைச் சேலத்திலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலம் கடைவீதியில் மல்கோவா வரத் தொடங்கிவிட்டதென்றால், காஷ்மீரின் குல்மார்க் புல்வெளியில் பனி வடியத் தொடங்கிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதுதான் சிக்கல். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிவது ஏப்ரலில். லீவு மே முழுக்க. வடக்கே பனிச்சறுக்குக் காலம் முடிவதும் அதே ஏப்ரலில்தான்.

எங்கள் வீட்டின் முதல் பனிப் பயணம் ஒரு ஏப்ரல் கடைசி வாரத்தில் நடந்தது. பதிவு செய்யும்போது, "பனி கண்டிப்பா இருக்கும் சார்" என்று உறுதி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தால் தரையெல்லாம் பச்சைப் புல், நடுநடுவே அழுக்கேறிய பனித்திட்டுகள். ஸ்கீ (பனிச்சறுக்கு) பழக்குபவர்கள் பலர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். கண்டோலாவில் (கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் பெட்டி) உச்சிக்குப் போனால் வெள்ளை வெளேரென்று பனி கிடந்தது. ஆனால் அந்தச் செங்குத்துச் சரிவில் முதல்முறை ஸ்கீ மாட்டும் பத்து வயதுப் பிள்ளையை இறக்கிவிட முடியாது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. பனி இருந்தது, அது எங்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. என் மகள் திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. அதன் பிறகுதான் இதை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: என்ன பனி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் நிறைய வேலை செய்கிறது. மார்கழிப் பனியும் பனிதான், டிசம்பரில் ஏற்காட்டு லேடீஸ் சீட்டை மறைக்கும் மூட்டமும் பனிதான், காஷ்மீரில் விழுவதும் பனிதான். "பனி இருக்குமா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

பார்க்கவும் தொட்டு விளையாடவும் மட்டும் போதுமென்றால் உங்கள் வேலை சுலபம். மே மாதம் மணாலிக்கு மேலே 3,978 மீட்டரில் உள்ள ரோத்தாங் கணவாய் வழி திறந்தவுடன் சாலையோரமே பனிச்சுவர் நிற்கும். அனுமதிச்சீட்டு வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் உண்டு. முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் போதும்.

ஸ்கீ பழக வேண்டுமென்றால் கதை வேறு. மேலிருந்து கீழ்வரை இடைவெளி இல்லாமல் பனி வேண்டும். மேலே ஏற்றிவிட லிஃப்ட் ஓட வேண்டும், வாடகைக்குச் சாமான் வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். சீசன் கடைசியில் பனி தீர்வதற்கு முன்பே ஆட்கள் தீர்ந்துவிடுவார்கள். பல மலைகளில் மேலே ஆளுயரப் பனி கிடக்கும்போதே, கூட்டம் குறைந்துவிட்டதென்று லிஃப்டை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் பாதிக் குழி தாண்டியாயிற்று.

அடுத்து தேதி

இடத்தைப் பிடித்துக்கொண்டு தேதி தேடாதீர்கள். தேதியை வைத்துக்கொண்டு இடம் தேடுங்கள். ஏப்ரல் முதல் பாதியில் போக முடிந்தால் உங்கள் கையில் நல்ல பட்டியலே இருக்கும். சித்திரை பிறந்த பிறகு அது மளமளவென்று சுருங்கும். ஐரோப்பாவில் தாழ்வான ஸ்கீ ஊர்கள் ஈஸ்டர் விடுமுறையோடு மூடிவிடுகின்றன. ஈஸ்டர் ஆண்டுக்காண்டு நகரும் பண்டிகை என்பதால் (2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5) போன ஆண்டு போனவர் சொன்ன தேதி இந்த ஆண்டு உதவாது. மே மாதம்தான் முடியும் என்றால் மிச்சம் இருப்பவை பனியாறு (ஆண்டு முழுக்க உருகாமல் கிடக்கும் பெரிய பனிக்கட்டிப் படலம்) உள்ள உயரமான சில மலைகள் மட்டும்.

என் கருத்து: பிள்ளைக்கு ஏப்ரலில் தேர்வு முடியும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு மறுநாளே கிளம்புங்கள். சீசன் கடைசியில் ஒரு வாரம் முந்துவது, முந்நூறு மீட்டர் உயரமான இடத்தைத் தேடிப் போவதற்குச் சமம்.

உயரக் கணக்கை ஏற்காட்டுச் சாலையில் கற்றுக்கொள்ளுங்கள்

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் உடம்பிலேயே இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒண்டிக்கடையில் இறங்கினால் காற்றே வேறு. சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது வானிலைக் கணக்கு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 1,237 மீட்டர். அதாவது எட்டு டிகிரி. சேலத்தில் 38 என்றால் ஏற்காட்டில் 30.

இதே கணக்கைக் காஷ்மீரில் போடுங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். ஏப்ரலில் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டி இருக்கும். குல்மார்க் புல்வெளி 2,650 மீட்டர், அங்கே ஏழு டிகிரி குறைந்து 13. பனி நிற்குமா? நிற்காது, உருகிக்கொண்டே இருக்கும். கண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்தூரி ஏறத்தாழ 3,080 மீட்டர். அங்கே பகலில் 10 டிகிரி. இரண்டாம் கட்டம் ஏறினால் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர். அங்கே நாலைந்து டிகிரிதான், இரவில் உறைநிலைக்கு வெகு கீழே. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே கண்டோலாவின் இரு முனைகளில் இரண்டு பருவம். விளம்பரத்தில் போடுவது உச்சியின் உயரத்தை. நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் பிள்ளை நிற்கப்போகும் இடத்தின் உயரத்தை.

இங்கே இன்னொன்று. 3,000 மீட்டர் என்பது எல்லா ஊரிலும் ஒரே பொருள் தராது. குல்மார்க் சுமார் 34-ஆவது அட்சரேகையில் இருக்கிறது, ஆல்ப்ஸ் 46-ஐ ஒட்டி. தெற்கே வர வர சூரியன் உச்சிக்கு வரும், வெயில் சுள்ளென்று விழும். ஆல்ப்ஸில் 2,300 மீட்டரில் ஏப்ரல் கடைசியில் தாங்கும் பனி, இமயமலையில் அதே உயரத்தில் தாங்காது. சுவீடனின் ரிக்ஸ்கிரான்சன் வடதுருவ வட்டத்துக்கும் மேலே இருப்பதால், ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாத மலையிலேயே மே மாதம் ஸ்கீ ஓடுகிறது.

சரிவு எந்தத் திசை பார்க்கிறது?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். தை மாதத்தில் எந்தச் சரிவில் காலை ஈரம் சீக்கிரம் காயும், எதில் பத்து மணிவரை சொட்டும் என்று கைகாட்டுவார். பனிக்கும் அதே விதி. பூமியின் வடபாதியில் வடக்கு நோக்கிய சரிவில் வெயில் சாய்ந்து விழும், பனி பல வாரம் கூடுதலாக நிற்கும். தெற்கு நோக்கிய சரிவு முதலில் கருக்கும்.

ஜார்ஜியாவின் குதாவுரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உச்சி ஏறத்தாழ 3,280 மீட்டர். பட்டியலில் பார்த்தால் மிக உயரமாகத் தெரியும். ஆனால் அதன் சரிவுகளில் பெரும்பகுதி தெற்கு நோக்கியவை. பிப்ரவரியில் அந்த வெயில் சுகம். ஏப்ரல் நடுவில் அதுவே பகை. ஸ்கீ வரைபடங்கள் பெரும்பாலும் படமாக வரையப்பட்டவை, திசை தெரியாது. கூகுள் மேப்பில் அந்த மலையைத் திறந்து, லிஃப்டின் கீழ்முனையையும் மேல்முனையையும் கண்டுபிடியுங்கள். கீழ்முனை வடக்கே இருந்தால் சரிவு வடக்கு நோக்கியது. இரண்டு நிமிட வேலை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இது தலைகீழ். அங்கே தெற்குச் சரிவுதான் குளிர்ச்சி. சீசன் கடைசி என்பதும் செப்டம்பர், அக்டோபர். காலாண்டு லீவுக்குச் சிட்னியில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஜவ்வரிசிப் பனி

சீசன் கடைசிப் பனி புதிதாக விழுந்த பஞ்சுப்பனி கிடையாது. பகலில் மேல்பரப்பு உருகும், இரவில் உறையும். இப்படி மாறி மாறி நடந்து நடந்து துகள்கள் உருண்டு மணி மணியாகிவிடும். முதன்முதலாகக் கையில் அள்ளிப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஆத்தூர்ப் பக்கம் களத்தில் வெயிலில் காயும் ஜவ்வரிசி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஜவ்வரிசிப் பனி என்றே பெயர்.

விடியற்காலையில் இந்த மணிகள் ஒன்றோடொன்று உறைந்து கல்லாகக் கிடக்கும். விழுந்தால் அடிபடும், ஸ்கீ விளிம்பு பிடிக்காது. ஒன்பது, பத்து மணிக்கு மேல்பரப்பு இரண்டு விரல் தடிமனுக்கு இளகும். அந்த நேரம் அருமையானது. ஊறிய ஜவ்வரிசிபோல மெத்தென்று, ஆனால் அடியில் உறுதியாக இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட இரக்கமுள்ள பனி கிடையாது. நண்பகல் தாண்டினால் கஞ்சி. ஸ்கீ அதில் சிக்கித் திருகும், முழங்கால் போகும்.

இந்தச் சுழற்சி நடக்க இரவில் உறைய வேண்டும். அதனால் வானிலை பார்க்கும்போது பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தையும் மேகத்தையும் பாருங்கள். தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருந்தால்கூட மேல்பரப்பு உறைந்துவிடும். மேகம் போர்த்திய இரவில் உறையாது, காலையிலேயே கஞ்சிதான். ஒரு வார முன்கணிப்பில் தெளிந்த இரவுகள் வரிசையாக வந்தால் தைரியமாகக் கிளம்பலாம். மழை காட்டினால் யோசியுங்கள்.

செயற்கைப் பனி உண்டே என்பார்கள். தண்ணீரைத் துளியாகத் தெளித்து உறையவைக்கும் அந்த இயந்திரம், நம் மண்பானையில் தண்ணீர் குளிரும் அதே வழியில்தான் பாதி வேலையைச் செய்கிறது: காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும். ஆனாலும் குளிரும் ஈரப்பதமும் சேர்ந்த கணக்கில் சுமார் மைனஸ் 2 டிகிரி வேண்டும். ஏப்ரல் பகலில் அது கிடைக்காது. ஜனவரியில் செய்து குவித்த செயற்கைப் பனி அடித்தளமாக நின்றால் நல்லது. ஏப்ரலில் புதிதாகச் செய்து காப்பாற்றுவார்கள் என்று நம்பாதீர்கள்.

பழகுபவர் சரிவு எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் முதல்முறை ஸ்கீ மாட்டுபவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஸ்கீ ஊர்களில் பழகுபவர் சரிவு பெரும்பாலும் ஊரை ஒட்டி, ஆகக் கீழே இருக்கும். சமதளம் அங்கேதான் கிடைக்கும். அதனால் முதலில் உருகுவதும் அதுதான். 3,500 மீட்டர் உச்சி உள்ள ஊரில், 1,500 மீட்டரில் சேற்றில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்த குடும்பங்கள் உண்டு.

ஆகவே ஊரே உயரத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். பிரான்சின் வால் தொரான்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. அறை வாசலில் ஸ்கீ மாட்டலாம், பழகும் சரிவும் அங்கேயே. மே முதல் வாரம்வரை பொதுவாக ஓடும். அதே நாட்டின் தீஞ் ஊர் 2,100 மீட்டர். முதல்முறை போகும் குடும்பத்துக்கு ஏப்ரல் கடைசியில் ஐரோப்பா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு வால் தொரான்ஸைத்தான் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் செர்மாட் பெயர்பெற்றது, 3,883 மீட்டர்வரை கேபிள் கார் போகிறது, ஆண்டு முழுக்க ஸ்கீ உண்டு. ஆனால் ஊர் 1,620 மீட்டரில் கீழே கிடக்கிறது; தினமும் மேலே போய் வர வேண்டும், செலவும் கூடுதல். ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸும் 3,250 மீட்டர்வரை ஏறும் பனியாற்று மலை, ஆண்டு முழுக்கத் திறப்பது. மே மாதம்தான் முடியும் என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

பனியாறு இருந்தால் என்றென்றும் கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பத்து ஆண்டு பழைய பயணக் குறிப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் கசகஸ்தானின் அல்மாட்டி அருகே ஷிம்புலாக் இருக்கிறது. லிஃப்ட் கிளம்பும் இடமே சுமார் 2,260 மீட்டர், உச்சி 3,200. இந்தியர்களுக்கு 14 நாள்வரை விசா தேவையில்லை என்ற ஏற்பாடு 2022-இல் வந்தது. பதிவுக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏப்ரலில் சீசன் முடிந்துவிடும், முதல் பாதிதான் பாதுகாப்பு. ஜப்பானின் கஸ்ஸான் விசித்திரமானது: குளிர்காலத்தில் பனி அளவுக்கு மீறிக் குவிவதால் மூடிக் கிடந்து, ஏப்ரலில்தான் திறக்கிறது.

இந்தியாவுக்குள் என்றால் உள்ளதைச் சொல்கிறேன். உத்தராகண்டின் அவுலி 2,500 முதல் 3,050 மீட்டர். மார்ச் தொடக்கத்தோடு கதை முடியும். 2023 ஜனவரியில் அதன் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது அங்கிருந்து மேலே வரும் ரோப்வேயும் நின்றது. மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கு ஏப்ரலில் பாராகிளைடிங் இடம். ஆக, மிஞ்சுவது குல்மார்க். அங்கும் மார்ச் கடைசிவரைதான் பழகுபவருக்கு நம்பிக்கை. ஏப்ரல் முதல் வாரத்தில் கோங்தூரி மட்டத்தில் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு பார்க்கவும் விளையாடவும் மட்டும். குல்மார்க்கும் சத்தியம் செய்து தரும் ஊர் இல்லை: 2024 ஜனவரியில் வாரக்கணக்கில் பனியே இல்லாமல் புல்வெளி காய்ந்து கிடந்தது, 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். காஷ்மீருக்குப் பனி கொண்டுவருவது மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள். அவை தாமதித்தால் எல்லாமே தாமதம்.

போன் எடுத்துக் கேளுங்கள்

ஏப்ரலில் ஏற்காட்டுக் கிளியூர் அருவியில் குளிக்கப் போகிறேன் என்று வெளியூர்க்காரர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "இப்ப தண்ணி இருக்காதுங்க, மழை முடிஞ்சு வாங்க" என்போம். அப்படி ஒரு உள்ளூர்க்காரர் அங்கேயும் இருப்பார். அவரைப் பிடிக்க வேண்டும். பயண முகவரைவிட, ஸ்கீ சாமான் வாடகைக்கு விடுபவரும் சொல்லித்தருபவரும் நேர்மையான பதில் தருவார்கள். பனி இல்லாவிட்டால் அவர்களுக்கும் வேலை இல்லை.

கேள்வியை இறுக்கமாகக் கேளுங்கள். போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் பழகுபவர் சரிவு எந்தத் தேதியில் மூடியது? நான் வரும் வாரத்தில் நீங்கள் ஊரில் இருப்பீர்களா? சரிவின் கடைசியில் ஸ்கீயோடு இறங்கலாமா, இல்லை நடுவில் கழற்றி லிஃப்டில் இறங்க வேண்டுமா? "இருக்கும், வாங்க" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

ஐரோப்பிய ஊர்களில் நேரலைக் கேமரா உண்டு. அதை அந்த ஊர் நேரம் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். காலையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பனி ஆழத்தை மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று இரண்டு எண்ணாகத் தருவார்கள். உங்களுக்குக் கீழ் எண் முக்கியம். கேமரா இல்லாத இமயமலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப்படம். போன ஆண்டு இதே வாரத்துப் படத்தைத் திறந்து, வெள்ளை எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

பயணமும் பதிவும்

சேலம் வழியே போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து வருவதுதான். ரயில் பிடிக்கும் என்றால் கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவின் கத்ரா போகும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நிற்கும். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு நாடு முழுக்கக் கண்ணில் படும். விமானம் என்றால் பெங்களூருதான் வசதி, சாலையில் 200 கிலோமீட்டர். காஷ்மீர் போகும்முன் பாதுகாப்பு நிலவரத்தையும் எந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசாவை ஆறு மாதம் முன்பிருந்தே கேட்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தங்கும் இடத்தை மட்டும் கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். விலை கொஞ்சம் கூடும், கொடுங்கள். சீசன் கடைசிப் பயணத்தில் நீங்கள் வாங்கும் உண்மையான காப்பீடு அதுதான். குல்மார்க் கண்டோலாவுக்கு முன்பதிவு கட்டாயம் செய்துகொள்ளுங்கள். பலத்த காற்றடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்காக ஒரு நாள் கையில் மிச்சம் வையுங்கள்.

உடம்பு

278 மீட்டரில் வாழும் உடம்பை ஒரே நாளில் 3,950-க்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு இரவு ஸ்ரீநகர், ஒரு இரவு குல்மார்க், அதன் பிறகு மேலே. தலைவலி, குமட்டல் வந்தால் மாத்திரை தேடாமல் முதலில் கீழே இறங்குங்கள். வயதானவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

வெயிலை நாம் பழகியவர்கள் என்று அலட்சியம் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி முகத்தில் அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குக் கீழும்கூடச் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். நல்ல கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளை விடாதீர்கள், பனியொளி கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

குறியிட்ட சரிவை விட்டு வெளியே போகவே கூடாது. பகல் வெப்பத்தில் ஈரமேறிய பனி மொத்தமாகச் சரியும் காலம் இது. உள்ளூர்க்காரர் ஒருவர் அழைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளை இப்படி அமையுங்கள்: எட்டு மணிக்குச் சாப்பிட்டு, எட்டரைக்குச் சாமான் வாடகைக் கடை, ஒன்பதரைக்குச் சரிவில் இருங்கள். பன்னிரண்டரைக்குக் கழற்றிவிடுங்கள், பிள்ளை இன்னும் ஒருமுறை என்று அழுதாலும். உள்சட்டை, காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுங்கள். ஜவ்வரிசிப் பனி பஞ்சுப்பனியைவிட அதிகம் நனைக்கும்.